கரண்ட் போன கலியாணம்

பாசையூரில் கரண்ட் நின்றது. கீபோர்ட் ஊமை.
பிலேந்திரன் வாடகைக் கதிரையைக் கவிழ்த்து
ஆறாறாய்த் தட்டத் தொடங்கினான்.

"தகிட தகிட. எங்கட கூத்துத் தாளமெல்லோ உது,"
என்றார் மரியநாயகம் அண்ணாவியார்.
புத்தளத்திலிருந்து வந்த
பொம்பிளையின் மாமி ரொசாலின்
தோளைக் குலுக்கினாள்:
"உங்கட கூத்துக்கு முந்தியே
எங்கட ஆக்கள், கப்பல் அடித்தட்டில,
கால்விலங்கால தட்டின தாளம் இது."

கொஞ்சம் அமைதி.
கதிரை மட்டும் நிற்கவில்லை.

பறங்கிப் பாட்டனின் வயலினோடு லியோனல்
ஒன்றும் பேசாமல் நடுவில் இழுத்தான்.
அதற்குப் பிறகு ஆடாதவள்
மெழுகுதிரி பிடித்தவள் மட்டும்.
அணைந்துவிடுமாம்.

விடிய, கதிரைக்கு ஒரு கால் இல்லை.
"ஆர் அடிச்சது?" என்றார் கடைக்காரர்.
அண்ணாவியார் மாமியைக் காட்டினார்.
மாமி லியோனலை.
லியோனல் திரும்பி,
கடலை.