மதி

இரவு பதினொன்றரை.
எடைமேடையில் இருபத்தெட்டாவது டாரஸ்,
நாற்பத்திரண்டு டன் நானூறு கிலோ.
ரெஜின் கொட்டாவியோடு ரசீது வாங்குகிறான்;
விடியுமுன் களியக்காவிளை தாண்டணும்.

வள்ளவிளையில் ஷீபா அக்காவின் அடுக்களையைக்
கடல் கொண்டுபோன வருஷம்
தடுப்புக்குக் கொட்டியதும் இந்த மலைதான்.
அது வரவு.
சுவர் சரிந்தது. மறுபடி கல்.
அதுவும் வரவு.

பன்னிரண்டு சதவீதம் வளர்ந்திருக்கிறோம் என்று
முதலாளி லட்டு தந்தார்.
எது வளர்ந்தது என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்:
பள்ளம்.

வேலைக்குக் கிளம்புமுன்
இரண்டாம் அகப்பைச் சோற்றுக்கு
மகள் தட்டின்மேல் கை விரித்தாள்.
"மதி, அம்மா."
கல்குளத்துக்கு மேற்கே அதற்குப் போதும் என்று அர்த்தம்.
நிலவு, அறிவு எல்லாம் பாடப்புத்தகத்தில்.
ஐந்து வயது. தன் வயிறு தெரிகிறது அவளுக்கு.

ஒரு வண்டி இறங்கிப் போய்
அடுத்தது ஏறும்வரை
திரையில் பூஜ்யம் நிற்கும்.
தூசி அடங்கும். பள்ளத்துத் தண்ணீரில் தவளை கேட்கும்.

இன்றைய இலக்கு முப்பத்தைந்து.
இருபத்தொன்பதாவது ஆள் ஹார்ன் அடிக்கிறான்.
கேட் பட்டனில்தான் இருக்கிறது விரல்,
இன்னும் அமுக்கவில்லை.