ஒரு விரல்

சால்ட்ஸ்ட்ராவ்மன் பாலத்தடியில் காரை நிறுத்திக் காத்திருக்கிறோம்.
ஆறு மணிநேரத்துக்கொரு முறை
ஊசிக்காதில் கடலைக் கோக்கப் பார்க்கிறது நிலா.
இப்போதும் சுழிகள்
கிணற்று வாயளவு
திறந்து மூடித் திறக்கின்றன.

அட்டவணையில் 10.42.
ஐவின் அதை நம்பமாட்டான்.
ஈடர் வாத்துகள் பாறைக்கு நேரே
நகராமல் மிதக்கின்றனவா என்று பார்ப்பான்.

எட்டு வருடம் என் கணவன்.
நாலு வருடமாக இல்லை.
ஆனால் இந்தத் தண்ணீருக்கு
வேறு துணை எனக்கு அமையவில்லை.
இருவரும் காற்றை ஒரே அளவில் குடிப்போம்.
பிரிவுப் பத்திரத்தில்
அதற்கொரு கட்டம் இல்லை.

என் முதுகு ஜிப்பை இழுத்து மூடுகிறான்.
"பூட்டியாச்சு."
பேச்சு அவ்வளவுதான்.

பத்து மீட்டரில் கெல்ப் காடு
நிமிர்ந்து நிற்கிறது,
பேருந்துக்கு நிற்கும் எங்கள் ஊர்க்காரர்கள்போல
ஒன்றையொன்று தொடாமல்.
அதற்கும் கீழே, பொந்துக்குள்
வட்டிக்கடைக்காரன் முகத்தோடு ஓநாய்மீன்.
ஐவின் அதன்முன் மண்டியிட்டுவிட்டான்.
வீட்டிலும் இப்படித்தான்,
அவன் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பான்,
நான் கடிகாரத்தை.

முதலில் ஒரே ஓர் இலை சாய்ந்தது.
கிழக்கே.
அப்புறம் அதன் பக்கத்து இலை.
அப்புறம் என் மூச்சுக் குமிழிகள்
மேலே போகாமல்
பக்கவாட்டில் போயின.

கட்டைவிரலை உயர்த்தினேன்.
மேலே உலகத்தில் அது 'பிரமாதம்'.
இங்கே: போதும், முடித்துக்கொள்வோம்.
அன்று சமையலறையில் இதைச் சொல்ல
எனக்கு ஒன்றரை மணிநேரம் ஆனது.

அவன் பார்க்கவில்லை.
கத்திப்பிடியால் உருளையைத் தட்டினேன்,
டங், டங், டங்.
திரும்பினான். விரலைப் பார்த்தான்.
ஏன் என்று கேட்காமல்
தன் விரலையும் உயர்த்தினான்.

துடுப்பு அடித்துப் பயனில்லை.
தண்டு தண்டாய்ப் பற்றி
கைமேல் கை வைத்துக் கரைக்கு.
ஒரு தண்டு வேரோடு
என் கையில் வந்தது.
கொடியில் காயும் சட்டை மாதிரி
விரிந்து பறந்தேன்.
தோள்பட்டையில் ஒரு பிடி.
மளிகைப் பையை வைப்பதுபோல
என்னைப் பாறையில் வைத்தான்.
உடனே கையை எடுத்துக்கொண்டான்,
அதையும் கவனித்தேன்.

டிக்கியில் உட்கார்ந்து
ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் காப்பி.
கீழே நீர் வெள்ளையாக இரைகிறது.

"அடுத்த சனி, பத்து இருபது" என்கிறான்.
"வாத்துகளைக் கேட்டாயா?" என்கிறேன்.

சிரித்தானா
குளிரில் பல் அடித்ததா,
தெரியவில்லை.