மூடு

ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் வீட்டின்
நடுக்கூடம் தறிக்கு.
இரண்டு பவர்லூம் நின்றது போக
மிச்சமுள்ள இடத்தில்தான் குடும்பம்.

மோக்‌ஷித்துக்கு இரண்டேகால் வயது.
நூல் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே
அவனுக்கென்று மடித்துப்போட்ட கோணி,
ஓரம் உடைந்த போன்,
அது சாய்ந்து நிற்க ஒரு தார்க்குச்சி டப்பா.

போனுக்குள்
கண் வைத்த மஞ்சள் பஸ் மலையேறும்.
தொப்பி போட்ட வாத்து கை கழுவும்,
கழுவிய கையையே மறுபடி கழுவும்.
வாத்துக்கு ஏது கை என்று
இவன் ஒருநாளும் யோசித்ததாகத் தெரியவில்லை.
நீல மாடு பல் விளக்கிக்கொண்டே
என்னை ஒரு மாதிரி பார்க்கும்.
காலையில் நான் விளக்கினேனா என்று
எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

பாட்டு என்கிறார்கள்.
நான் கேட்டதில்லை.
தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர்
செத்தேன் என்று கத்தினாலும்
வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
அவனும் அப்படித்தான் பார்க்கிறான்.
பஸ் வாய் திறந்தால் இவன் வாய் திறக்கும்.
மாடு உதடு குவித்தால் இவனும் குவிப்பான்.
சத்தம் வராது.
வந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்?

போனை நிறுத்தும்மா, பேச்சு தானா வரும்
என்றார் புத்தூர் டாக்டர்.
சரி என்றேன்.
அவர் வாங்கிய முந்நூறு ரூபாய்
முனிகிருஷ்ணய்யா கணக்கில் எத்தனை மீட்டர் என்று
பஸ்ஸில் கூட்டிக்கொண்டே வந்தேன்.
கண் இல்லாத பஸ்.

டாக்டரிடம் ஒன்று சொல்லவில்லை.
போன ஆடியில் சுகுணாவின் பெண்
ஓடுகிற பெல்ட்டில் கை வைத்தாள்.
இரண்டு விரல்.
அதற்கப்புறம்தான் எங்கள் தெருவில்
வீட்டுக்கு வீடு மஞ்சள் பஸ்.

தமிழ் பஸ் மலையிறங்கி நின்றால்
தானாகத் தெலுங்கு பஸ் கிளம்பும்.
அதே மலை, அதே கண், வாய் மட்டும் வேறு.
மாற்றி வைக்கக் கை ஒழிந்தால்தானே.

புதன்கிழமை நாலு மணிக்குக் கரண்ட் போயிற்று.
எங்கள் தறி நின்றது,
அடுத்த வீட்டுத் தறி நின்றது,
தெருவே நின்றது.
காதுக்குள் ஒரு பூச்சி மட்டும்
கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அடங்கியது.
அப்புறம்தான் கேட்டது.

சுகுணா வீட்டில் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.
எதிர்வீட்டில் பாதி மலை.
தண்ணீர் டேங்க் பக்கம் ஏற்கெனவே இறங்கியாயிற்று.
அஞ்சே நிமிஷத்தில் கடன் என்று
எங்கோ ஒரு பெண் சிரித்தாள்.
ஒரே பாட்டு, முப்பது வீட்டில்,
முப்பது இடத்தில்.
இவ்வளவு கீச்சுக்குரலா இந்த மாட்டுக்கு!

மோக்‌ஷித் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.
"மூடு" என்றான்.

தெளிவாக, கனமாக,
ரொம்ப நாள் வாயில் வைத்திருந்த கல்லைத்
துப்பியது போல.

அறுந்த இழையை அப்படியே விட்டுவிட்டு
தாமு ஓடிவந்தார்.
எண்றான்டி! ஒகட்டி, ரெண்டு, மூடு!
திரையில் மூன்று வாத்து நின்றது நிஜம்தான்.
ஒகட்டி எங்கே, ரெண்டு எங்கே என்றேன்.
அதெல்லாம் தறி ஓடும்போதே
சொல்லி முடித்திருப்பான் என்றார்.

இருக்கலாம்.
ஆனால் அவன் வாத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.
எதை மூட?
போனைக் கவிழ்த்தேன்.
அழவில்லை, என்னையே பார்த்தான்.
வேறு எதையோ சொன்னானோ என்று
தறியைப் பார்த்தேன். அதுதான் நிற்கிறதே.

மறுபடி வாய் திறந்தான்.
நாலு என்பானா, நாலுகு என்பானா,
இல்லை எண்ணிக்கையே இல்லாத வேறொன்றா,
குனிந்து காதைக் கொடுத்தேன்.

கரண்ட் வந்துவிட்டது.

முப்பது வீட்டுத் தறிக்கு நடுவில்
என் பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
உதடு இரண்டும் ஒருமுறைகூட ஒட்டவில்லை.
அம்மா இல்லை,
அது மட்டும் தெரிந்தது.