கூப்பிட்டால் வராதது

வலது தொடை மடிப்பில் ஊசி குத்தி
மரத்துப்போச்சா என்றார்கள்.
போச்சு என்றேன். போகவில்லை.
எட்டு வருஷமாய் நான் சொன்ன உண்மையை யாரும் நம்பாததில்
சின்னப் பொய்கள் கைவந்துவிட்டன.

கப்பலூர் டோல்கேட்டில் ஏழாம் நம்பர் கூண்டு எனக்கு.
சில்லறை எண்ணும்போது வரும்.
நூல் அறுந்த மாதிரி ஒரு குதி,
அப்புறம் தொண்டைக்குள் தையல் மிஷின்.
லாரிக்காரன் மீதி கேட்டு ஹாரன் அடிப்பான்.
நான் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு
கையிலிருப்பது நூறா ஐம்பதா என்று
பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கொழுந்தன் மகள் காதுகுத்தில் வந்தது.
ஓட்டுப்போட்டு வெளியேறுகையில், விரல் மை காயுமுன் வந்தது.
பெரியார் நிலையத்தில் பஸ் ஏறி
ஆரப்பாளையத்தில் இறங்கிக்கொண்டது ஒருநாள்,
டிக்கெட் எடுக்காமல்.

ஆட்டோ பிடித்து, டோக்கன் வாங்கி,
மார்பில் பசை தடவுவதற்குள் நின்றுவிடும்.
இன்ஸ்பெக்டர் வந்த நாள் பிள்ளைகளைப் போல
காகிதத்தில் கைகட்டி நிற்கும் என் இருதயம்.
"டென்ஷன்மா. வீட்ல ஏதும் பிரச்சினையா?"
நரம்பு மாத்திரை. தூக்க மாத்திரை.
உசிலம்பட்டியில் மந்திரித்த கயிறு ஒன்று.

திருமங்கலத்தில் ஜெனோவா சிஸ்டர்தான்
டோக்கனாவது ஒண்ணாவது என்று
வாசல் ஸ்ட்ரெச்சரிலேயே கிடத்தி ஒட்டினார்.
இருநூற்றுப் பதினாலு.
"ஒச்சம்மா, இது டென்ஷன் இல்லடி."
அந்த 'டி'யை இன்னும் வைத்திருக்கிறேன்.

மதுரை டாக்டர் படம் போட்டுக் காட்டினார்:
மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் ஒரு ரோடு போதும்,
உங்களுக்குப் பிறவியிலேயே இரண்டு,
ஒன்றில் போய் மற்றதில் திரும்பிச்
சுற்றிக்கொண்டே இருக்கிறது.
சர்வீஸ் ரோட்டில் புகுந்து வருகிறவர்களை
எனக்கா தெரியாது.

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எண் கூவுகிறார்கள்.
ஐந்நூறு. முந்நூற்று நாற்பது. முந்நூற்று இருபது. முந்நூறு.
கட்டணம் இறங்கிக்கொண்டே வருகிறது.
ஒவ்வொரு எண்ணுக்கும் நெஞ்சுக்குள் ஒரு தட்டு.
அதை வரவழைக்க வேண்டுமாம்.
வந்தால்தான் எங்கே சுடுவதென்று தெரியுமாம்.

வரவில்லை.
நடுராத்திரி கேட்காமல் வந்தது,
படித்தவர்கள் ஐந்து பேர் சேர்ந்து கூப்பிடுகையில் வரவில்லை.
பச்சைத் துணிக்கடியில் கூசிப்போய்க் கிடந்தேன்.
"நெசமாவே வரும் சார்" என்றேன்.
பொய் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.
அடியே, வாடி. என் மானத்தைக் காப்பாத்த வா.

மருந்து ஏற்றினார்கள்.
முந்நூறில் இல்லை. இருநூற்று எண்பதில்

குதி.
தையல் மிஷின்.
திரை முழுக்க ரம்பப் பல்.
"வந்துருச்சு!" என்று கத்தியது நான்தான்.
அத்தனை பேர் பார்க்க
அது என்னிடம் வந்தது அதுவே முதல் தடவை.

அசையாதீங்க, இருமாதீங்க என்றார்கள்.
பக்கத்திலேயே நல்ல ரோடு.
மயிரிழை தவறினால் அதுவும் மூடும்,
ஆயுசுக்கும் தோளுக்குக் கீழே ஒரு பெட்டி.
கையெழுத்து வாங்கும்போதே சொன்னதுதான்.
வீட்டுக்காரர் போடணுமா என்று கேட்டதற்கு
"உங்க நெஞ்சுதானே" என்றாள் ஜூனியர் பெண்.

நாற்பது நொடி.
சூடான சோளக்கதிரைக் கடித்து முழுங்கிய மாதிரி தாடைக்கடியில்.
கருகும் வாசனைக்காக மோந்து பார்த்தேன்.
டெட்டால்தான் வந்தது.

மறுபடி கூவினார்கள். அரைமணி நேரம்.
இருநூற்று அறுபதுவரை இறங்கினார்கள்.
வரவில்லை.
இந்தத் தடவை எனக்குக் கூச்சமில்லை.

ஒரு பையன் பைக் லோன் கதை பேசிக்கொண்டே
பதினைந்து நிமிஷம் தொடையை அழுத்திப் பிடித்தான்.
காலை மடக்காமல் ஆறு மணி நேரம் கிடந்ததில்
இடுப்புத்தான் விட்டுப்போனது.

இப்போதும் எப்போதாவது ஒரு குதி.
மூச்சைப் பிடிப்பேன்.
கோன் வைத்த லேன் முன்னால் வந்து நின்று
வண்டி ரிவர்ஸ் எடுக்கும்.
அவ்வளவுதான்.

"டென்ஷன்லாம் சரியாப் போச்சா?" என்றார் சூப்பர்வைசர்.
நூற்றிப் பத்துக்கு மீதி எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.