தனக்கா

மோல்மேனில் கரண்ட் ஒன்பதுக்கு வந்து
பதினொன்றுக்குப் போய்விடும்.
அதற்குள் படம் பினாங்குக்குப் போயாக வேண்டும்.
அட்டையில் மா தீரி,
வீட்டில் அமிர்தகௌரி.

மென்மையை நாற்பதில் வைத்தேன்.
பரு போனது, நெற்றித் தழும்பு போனது,
கூடவே
கன்னத்து இரண்டு வட்டமும்.
காலையில் கட்டையைக் கல்லில் இழைத்து
விரலால் தடவிக்கொண்டு வந்த தனக்கா.
மென்பொருளுக்கு அது கறை.

"அண்ணே, என் கன்னம் எங்கே?"

சிவப்பாகக் கேட்டிருக்கிறார்கள் அங்கே.
இன்னும் கொஞ்சம் வெளிச்சம் ஏத்து தம்பி
என்றார் அவள் அப்பா.
ஏற்றினேன்.
மூக்குத்தி மூக்கோடு கரைந்தது.
பின்னால், குன்றின்மேல் புத்தர் கோபுரம் மட்டும்
அதே தங்கத்தில் நின்றது.
அதற்கு யாரும் வரன் பார்க்கவில்லை.

அவள் சிரித்துவிட்டாள்,
படத்தில் இல்லை, என் முதுகுக்குப் பின்னால்.
அப்பா பீடி பற்றவைக்க வெளியே போனார்.

பின்வாங்கு. பின்வாங்கு. பின்வாங்கு.
சல்வீன் கரை வெயில் படிப்படியாகத் திரும்பி வந்து
அவள் மேல் உட்கார்ந்தது.
தழும்பு வந்தது. வட்டங்கள் வந்தன.
பருவும் வந்தது.
"அதை மட்டும் எடுத்துடுங்க,
அது எப்படியும் நாளைக்குப் போயிடும்."

அனுப்பினோம்.
பினாங்கிலிருந்து உடனே கேள்வி:
முகத்தில் என்ன, சந்தனமா?

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து
ஒரே ஒரு சொல் அடித்தாள்:
தனக்கா

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.
அதையும் ஒரு கேள்வி என்றே
எடுத்துக்கொண்டார்கள் போல.

கரண்ட் போனது.