அறுபது மில்லி உப்புநீர்

நாற்பத்தோரு வாரம், நாலு நாள்.
இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு
சோவாசிக் சொன்னாள்:
"பதின்மூன்றுக்கு மூன்று."
லானில்டுட் பள்ளிக்கூடத்தில்
கணக்கிலும் நான் அப்படித்தான்.

கருப்பை வாய் கெட்டியாம். நீளமாம்.
பின்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறதாம்.
கடன்காரன் கதவைத் தட்டும்போது
மூச்சுக் காட்டாத வீடு.

மருந்து வேண்டாம் என்றார்கள்.
முதல் பிள்ளையை எடுத்த தழும்பு உண்டு,
வலி முரட்டுத்தனமாய் வந்தால் பிரியும்.
ஆகவே பலூன்.

வாத்து அலகு போல ஒன்று, சில்லென்று.
பிறகு ஒரு குழாய்,
நுனியில் நனைந்த விரலுறை மாதிரி ஏதோ.
ஊசிக்குழலால் தள்ளினாள்:
இருபது.
நாற்பது, நான் கூரையைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்,
அறுபது.

குழாயைத் தொடையோடு ஒட்டும்போது
இறுகவும் இல்லை, தொய்யவும் இல்லை.
நங்கூரக் கயிறு கட்டத் தெரிந்த கை.
எங்கள் படகில் வேலை தரலாம்.

பிரெஸ்ட் நகரமே மேல்காற்றில் ஆடியது.
ரிவால் போனில் சொன்னான்:
படகை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன்,
நீ எப்படி?
என்னை ஒற்றையாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

நடுநிசியில் நாடி பார்க்க வந்தவள்
என் தொழிலைக் கேட்டுச் சிரித்தாள்.
"முன்பு இதற்கு உங்கள் சரக்குதான்.
காய்ந்த பாசித்தண்டு, பென்சில் கனம்.
உள்ளே வைத்தால் விடிவதற்குள்
ஈரம் குடித்து மூன்று பங்கு பருக்கும்.
அவசரமே படாது."

பதினோரு வருடமாய்
அதைக் கொக்கியால் முறுக்கிப் பாறையிலிருந்து பிடுங்குகிறேன்,
டன் கணக்கில்.
ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கப் போகிறது என்று தெரியும்.
கெட்டியானதை இளக்கவும் போனது என்று
ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கழிப்பறையில்
தொப்.
பிள்ளைதான் விழுந்துவிட்டது என்று அலறினேன்.
ஓடி வந்து குனிந்து எடுத்துக் காட்டினாள்:
எலுமிச்சை அளவில், பளபளவென்று,
தன்பாட்டுக்கு வந்த பலூன்.
"நாலு சென்டிமீட்டர். இப்போது எட்டு."
"பாஸா?"
"பாஸ்."

தொட்டியில் அதை வடித்தாள்.
போன அறுபதும் அப்படியே வந்தது.

காற்று இறங்கிவிட்டது,
நான் மட்டும் ஒரு நடை போய் வரட்டுமா என்று
ரிவால் கேட்கும்போது
முதுகுக்குக் கீழே ஒன்று
மெல்லத் திரண்டு, ஏறி, இறங்கியது.

கொக்கியைக் கீழே வை, என்றேன்.
இன்றைக்குப் பிடுங்குகிற நாள் இல்லை.