அறுபது கிலோ

மூன்று முறை கூப்பிட்டார் டவாலி.
மூன்றாவதில்தான் அது என் பெயர் என்று உறைத்தது.
முனிசந்திரன், எடைமேடை எழுத்தர்,
அரசுத் தரப்புச் சாட்சி பதினொன்று.

கிருஷ்ணகிரி செஷன்ஸ் கோர்ட்டில்
மின்விசிறிக்குக் கீழே ஒரு சீட்டு படபடத்தது.
என் கையெழுத்துதான்.
ஜூன் ஒன்பது, இரவு பதினொன்று நாற்பத்திரண்டு.
கூழ் ஆலையில் பெங்களூரா மாங்காய் இறக்கிவிட்டு
வெறும் வண்டியாய் மேடை ஏறிய லாரி
ஐயாயிரத்து நானூற்று அறுபது.

ஆர்.சி. புத்தகத்தில் ஐயாயிரத்து நானூறு.

மீதி அறுபது கிலோ யார் என்பதுதான் வழக்கு.

பர்கூர்ப் பக்கம், கைவிட்ட கல்குவாரித் தண்ணீரில்
மூன்றாம் நாள் மிதந்தார் மண்டிக் கணக்கர் குப்பண்ணன்.
ஐம்பத்தெட்டு கிலோ என்றது பிரேதப் பரிசோதனை.
தண்ணீரோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று
யாரோ டாக்டரைக் கேட்டார்களாம்.

கூண்டில் டிரைவர் திம்மராயன்.
குப்பண்ணனுக்கு எண்பதாயிரம் பாக்கி வைத்திருந்தான்.
இருவரும் டீ குடித்ததைப் பார்த்தவள் ஒருத்தி.
பன்னிரண்டரைக்கு அவன் போன் கந்திகுப்பம் டவரில்.
சீட்டுக்கு அடியில் செத்தவரின் செருப்பு,
இடது கால் மட்டும்.
கடைசிக் கண்ணி நான் எழுதிய எண்.

எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பெண்,
குரல் லேசாக நடுங்கியது.
"அன்றைக்கு மழையா?"
தூறல்.
"தார்ப்பாய் நனைந்திருக்குமா?"
இருக்கும்.
"நனைந்த தார்ப்பாயும் அடியில் போட்ட வைக்கோலும்
எத்தனை கிலோ தேறும்?"
தனியாப் போட்டுப் பார்த்ததில்லைங்க.
"டிரைவர் இறங்கினாரா?"
இறங்கினான். எப்பவும் இறங்குவான்.
சீட்டு வரும்வரை குழாயில் முகம் கழுவினான்.

முகம் கழுவினான் என்றதும்
நீதிபதி பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.
லாரி ஓட்டுகிறவன், புழுக்கமான ராத்திரி,
கழுவத்தானே செய்வான்?
அதைச் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"மேடையின் முத்திரை உடையாமல் இருந்ததா?"
இருந்தது.

முத்திரை மேடைக்கு.
மேஜைக்கு இல்லை.

மேஜைக்கு அடியில், முழங்கால் இடிக்கும் இடத்தில்
ஒரு பொத்தான்.
தொட்டால் வெறும் வண்டி நாற்பதோ அறுபதோ கூடும்;
கூடியது தோப்புக்காரன் மாங்காயில் குறையும்.
காம்புக் கழிவு என்று
முதலாளி அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்.
சந்தூர்ச் சரக்கென்றால் தொடுவேன்.
எண்ணைத் திரும்பப் படிக்கச் சொல்கிறவனுக்குத் தொடமாட்டேன்.
அன்று திம்மராயன் ஏற்றி வந்தது
யார் தோப்பு என்று பார்த்தேனா?
முழங்காலுக்கு ஞாபகம் இல்லை.

அந்த சீசனில் அதே லாரி பதினான்கு தடவை வந்தது.
பதினான்கு கார்பன் நகலும் சாக்கில் கிடக்கின்றன.
நானூறு, நானூற்று நாற்பது,
நானூற்று அறுபது, மறுபடி நானூறு.
அத்தனை ராத்திரியும் ஒருத்தன் செத்தானா?
சாக்கை யாரும் கேட்கவில்லை.
ஒரு சீட்டைக் கேட்டார்கள், கொடுத்தேன்.

ஆனால் செருப்பு இருக்கிறதே.
எண்பதாயிரம் இருக்கிறதே.
இவன்தான் என்று இரண்டு இரவு முடிவாகத் தூங்குகிறேன்.
மூன்றாம் இரவு அந்தச் செருப்பை மட்டும்
தனியே மேடையில் வைத்துப் பார்க்கிறேன்.
முன்னூறு கிராம் இருக்கும்.
எங்கள் மேடை இருபது கிலோவுக்குக் கீழே
எதையும் காட்டாது.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றார் நீதிபதி.

திம்மராயன் என்னைப் பார்த்தான்.
ஜன்னலுக்கு வெளியே, முகத்தில் ஈரம் சொட்ட,
ஒரு எண்ணுக்காக நிற்பானே, அப்படி.

இல்லைங்க.

படித்துக் காட்டினார்கள்,
சரி என்று கையெழுத்துப் போட்டேன்.
வராந்தாவில் சாட்சிப்படி எண்ணிக் கொடுத்தார் குமாஸ்தா.
ஒரு நோட்டு கூடுதலாக இருந்த மாதிரி இருந்தது.
திருப்பி எண்ணவில்லை.